அண்ணாச்சி பதில்கள்: கூட்டு வயல், தனிப் பட்டா

கூட்டுப் பண்ணை, ஊர்ப் பொதுநிலம், சேர்ந்து உழுவது, பிரிந்து சண்டை போடுவது என்று ஒரே விஷயத்தைச் சுற்றி இந்தத் தடவை கடிதங்கள் கட்டாகச் சேர்ந்துவிட்டன. சினிமாவும் அரசியலும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எங்கும் போய்விடாது.

வாழை விவசாயி, அத்திமரப்பட்டி
*அண்ணாச்சி, ஊரே சேர்ந்து உழுது, விளைந்ததைப் பங்கு வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா?*

நடந்த காரியம். நம் தமிழ்நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. இன்றைக்கு நடக்குமா என்றால், பங்காளியோடு ஒரே மோட்டாரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். அங்கிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

கல்லூரி மாணவி, ஸ்பிக் நகர்
*இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணை ஊர்களைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு ஊராவது இருந்ததா?*

ஊர் என்ன, மாவட்டமே இருந்தது. காகிதத்தில்!

வினோபா பாவேயின் பூதான இயக்கம் 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், ஒருவர் கொடுத்த நூறு ஏக்கரோடு தொடங்கியது. முதலில் நிலம் கேட்டார். அடுத்த ஆண்டே கிராமத்தை மொத்தமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அது கிராமதானம். கிராமங்கள் சேர்ந்தால் வட்டார தானம், வட்டாரங்கள் சேர்ந்தால் ஜில்லா தானம். 1956, 57-ல் ஏறக்குறைய ஒரு வருஷம் தமிழ்நாட்டைக் காலால் அளந்துவிட்டுத்தான் அவர் கேரளத்துக்குள் போனார். அவருடைய தொண்டர்கள் விடவில்லை. 1960-களின் கடைசியில் நாட்டில் ஜில்லா தானமாக அறிவிக்கப்பட்ட சில மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20-ல்தான். அதுவரை நாமும் திருநெல்வேலிக்காரர்கள். ஆக, ஊருக்கே தானமாகிவிட்ட மாவட்டத்தில், அது தெரியாமலே உங்கள் தாத்தா வரப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், பழையகாயல்
*கிராமதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் நிலம் யாருக்குப் போகும்? நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒரு பட்டா மாறுதலைப் பார்த்ததே இல்லையே!*

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

1960-களில் விதிகளைத் தளர்த்தி ‘சுலப கிராமதானம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிலத்தின் உரிமை கிராமசபையின் பேருக்கு மாற வேண்டும். இருபதில் ஒரு பங்கை நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். மீதியை நீங்களே உழலாம், பிள்ளைகளுக்கும் விட்டுப்போகலாம். வெளியாளுக்கு விற்க முடியாது. விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு ஊர் நிதிக்கு. ஊராரில் முக்கால்வாசிப் பேரும், ஊர் நிலத்தில் பாதிக்கு மேலும் இதற்குச் சம்மதித்தால் கிராமதானம் ஆகிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது? கையெழுத்தை வாங்கியவர் சர்வோதயத் தொண்டர். பட்டாவை மாற்ற வேண்டியது தாலுகா ஆபீஸ். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை வினோபாவாலும் நடந்து கடக்க முடியவில்லை. இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது: கடன். நிலம் சபையின் பேரில் இருந்தால் விவசாயி எதை ஈடு வைத்து உரம் வாங்குவார்? கூட்டுறவு வங்கியும் பத்திரம் கேட்கும், வட்டிக்கடைக்காரரும் பத்திரம் கேட்பார். தானம் கேட்டவர்கள் தானம் முடிந்த மறுநாள் காலைக்கு ஏற்பாடு செய்யவில்லை.

எல்லாம் வீணாகப் போகவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு ஊர், 2009-ல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் தன் காட்டின்மீது உரிமை பெற்றது. 2013-ல் கிராமதானம் செய்தது. முதலில் காட்டு மூங்கிலை விற்று ஊர்ப் பணமாக்கக் கற்றுக்கொண்டார்கள், பிறகு நிலத்தைச் சேர்த்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்.

பள்ளி ஆசிரியை, ஆத்தூர்
*வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் நிலங்கள் பொதுவில் இருந்தன என்கிறார்களே, உண்மையா?*

பாதி உண்மை, டீச்சர். அந்தப் பாதி ருசியானது.

1818-ல் சென்னையில் ஒரு கேள்வி-பதில் அச்சானது. கேட்டது கோட்டை அரசாங்கம், மொத்தம் பதினேழு கேள்வி. பதில் சொன்னவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், நம் குறள்பித்தர் எல்லீசன். கேள்விகள் எல்லாம் மிராசு உரிமையைப் பற்றியவை. என் தொழிலில் எனக்கு மூத்தவர் என்பதால் மரியாதையோடு படிப்பேன்.

அவர் விவரிக்கும் முறை இது. ஒரு ஊரின் நிலத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்குகள். பங்கு என்றால் ‘வடக்கு வயல் உனக்கு, தெற்கு வயல் எனக்கு’ என்பதில்லை. நஞ்சையில் இவ்வளவு, புஞ்சையில் இவ்வளவு, மனைக்கட்டில், தோப்பில், குளத்து மீனில் என்று எல்லாவற்றிலும் அந்த விகிதம். பங்குகளைச் சில கரைகளாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சில ஊர்களில் நிலம் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அது அருதிக்கரை. வேறு சில ஊர்களில் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயல்களை மாற்றிக்கொள்வார்கள்; அது பசுங்கரை. மடைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர் அடுத்த சுற்றில் கடைமடைக்குப் போக வேண்டியிருக்கலாம். தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனின் வயிற்றெரிச்சல் புரிய இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

மிராசு முறை ஓங்கி இருந்தது தொண்டைமண்டலத்திலும் காவிரிக் கரையிலும் தாமிரபரணி நஞ்சையிலும். நம் பக்கத்துத் தேரி மணலிலும் உவர் மண்ணிலும் சீட்டுப் போட்டுப் பிரிக்க என்ன இருந்தது? பனைதான்.

அரசு ஊழியர், தூத்துக்குடி
*அந்தப் பங்குகளில் உழுதவர்களுக்கு எத்தனை?*

பூஜ்யம்.

டீச்சரின் கேள்விக்கு நான் பாதி என்றேனே, மற்றப் பாதி இதுதான். பங்காளிகள் என்பவர்கள் மிராசுதார்கள், பெரும்பாலும் பிராமணர்களும் வேளாளர்களும். சேற்றில் இறங்கிய பள்ளர், பறையர் குடும்பங்கள் பண்ணையாட்களாகவே இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து அவர்களையும் ஈடு வைத்ததும் விற்றதும் ஆவணங்களில் இருக்கிறது. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் வந்தது 1843-ல். பொதுவுடைமை பற்றி யார் பெருமை பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தப் பொதுவுக்குள் யார், வெளியே யார்?

சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி
*அந்தக் கரைமுறையைக் கலைத்தது யார்?*

தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி என்று ஒரு வரியில் எழுதினால் உங்களுக்கு மதிப்பெண் கிடைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவை வரி. ஊரிடம் மொத்தமாகக் கேட்டால் ஊர் மொத்தமாகப் பேரம் பேசும். ஆளுக்கு ஒரு பட்டா, ஆளுக்கு ஒரு கிஸ்தி என்றால் பேரம் பேச யாரும் இல்லை. ஆனால் பழியை மன்றோ தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். எல்லிஸ் எழுதும்போதே பல ஊர்கள் தாமாக அருதிக்கரைக்கு மாறியிருந்தன. தன் வயலுக்கு எருப் போட்டவன் அடுத்த சுற்றில் அதை இன்னொருவனிடம் கொடுக்க மனம் ஒப்பமாட்டான்.

குடும்பத் தலைவர், கோரம்பள்ளம்
*நானும் என் மைத்துனரும் ஆறு வருஷமாகக் கூட்டாக விவசாயம் செய்கிறோம். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.*

அதற்குக் கூட்டுப் பட்டா என்று பெயர். தமிழ்நாட்டில் இன்றும் அமோகமாக நடக்கும் ஒரே கூட்டு விவசாயம். அறுவடை கோர்ட்டில்.

வாசகி, நாசரேத்
*முதலூர், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் எல்லாம் மிஷனரிகள் உண்டாக்கிய கூட்டுக் குடியிருப்புகள்தானே? நீங்கள் ஏன் அதைப் பற்றி எழுதுவதில்லை?*

எழுதினால் ஒரு பக்கம் ‘மதம் பரப்புகிறான்’ என்பார்கள், மறுபக்கம் ‘கொச்சைப்படுத்துகிறான்’ என்பார்கள். இரண்டுக்கும் தயாராகவே எழுதுகிறேன், அக்கா.

நம் பக்கத்தில் ‘சேர்ந்து நிலம் வாங்கி, சேர்ந்து குடியேறிய’ ஊர் என்றால் முதலில் சொல்ல வேண்டியது முதலூர்தான். ஆண்டு 1799. நடத்தியவர் வெள்ளைக்காரர் அல்ல, தாவீது சுந்தரானந்தம் என்ற நம் பனங்காட்டுப் பிள்ளை. அன்றைக்குத் தேரிக்காட்டில் நிலமும் பனையும் சில நாடான் குடும்பங்களின் கையில். ஏறியவர் குடியிருந்த குடிசையும் அவர்கள் மண்ணில். பேச்சு மாறினாலோ சாமி மாறினாலோ, ‘இறங்கு மண்ணைவிட்டு’ என்றால் இறங்க வேண்டியதுதான். அதனால்தான் நிலத்தை விலைக்கு வாங்கி, யாரும் விரட்ட முடியாத ஒரு ஊரைப் போட்டார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது, தீவைப்பும் வந்தது. ஊர் நின்றது.

1814-ல் சாயர் என்பவர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் சாயர்புரம். 1840-களில் ஜி.யு. போப் பள்ளிக்கூடம் நடத்தியது அங்கேதான். 1830-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் இதையே ஒரு நிரந்தர ஏற்பாடாக்கினார்: தர்ம சங்கம். சங்கத்தின் வேலை நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது, மனை அளந்து கொடுப்பது. மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் 1830-களின் கடைசியில் வந்து உட்கார்ந்தபோது சுற்றிலும் செம்மணல். கிணறு கிணறாக வெட்டித்தான் அதைத் தோப்பாக்கினார்கள். 1841-ல் இடையன்குடிக்குப் போன கால்டுவெல் தெருவை நூல் பிடித்துப் போட்டார். திராவிட மொழி ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான்.

இவை கூட்டுப் பண்ணைகளா? இல்லை. பொதுவாக இருந்தது மனை, கிணறு, கோயில், பள்ளி. பனை ஏறுவது, பதனீர் இறக்குவது, கருப்பட்டி காய்ச்சுவது, விற்பது எல்லாம் அவரவர் குடும்பம். காலால் ஏறுகிறவர் ஒருவர், அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காய்ச்சுகிறவர் அவர் மனைவி. அதில் பங்குபோட என்ன இருக்கிறது? உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடி அரிசிக் கலயம்தான் ஊர் நிதி. இவர்கள் எதைப் பொதுவாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதில் வினோபாவைவிடத் தெளிவாக இருந்தார்கள். அதனால்தான் அந்த ஊர்களுக்கு இன்றும் பஸ் போகிறது.

தீனிப்பிரியர், சாத்தான்குளம்
*முதலூர் என்றதும் மஸ்கோத் அல்வாவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!*

தேங்காய்ப்பாலில் கிண்டுவது. நெய் அல்வாவைவிட இலேசு. ஆராய்ச்சிக்காக ஒரு கிலோ அனுப்பிவைத்தால் அடுத்த இதழில் விரிவாக எழுதத் தயார்.

வேளாண்மைப் பட்டதாரி, கிள்ளிகுளம்
*கிப்புட்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா?*

இருக்கிறது, வேறு ஆளாக. முதல் கிப்புட்ஸ் டெகானியா, 1910. பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். சம்பளம் கிடையாது, தனிச் சொத்து கிடையாது, சாப்பாடு பொது அறையில். பின்னால் வந்த பல கிப்புட்ஸ்களில் பிள்ளைகள் படுக்கையும் பொதுக் கூடத்தில். இன்றைக்கு சுமார் 270 கிப்புட்ஸ்கள் உண்டு. நாட்டின் மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 1980-களின் நடுவில் பணவீக்கமும் கடனும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு சம்பளத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 2007-ல் டெகானியாவே அதற்கு வாக்களித்தது. அவர்கள் உழுத மண்ணில், அரபுக் குத்தகை விவசாயிகள் வெளியேற்றப்பட்ட மண்ணும் உண்டு. உள்ளே யார், வெளியே யார் என்ற என் கேள்வி அங்கேயும் செல்லும்.

ஒரு நன்றி மட்டும் பாக்கி. நம் வாழைத் தோட்டங்களில் கறுப்புக் குழாய் போட்டுச் சொட்டுநீர் விடுகிறோமே, அதை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த நெட்டாஃபிம் கம்பெனி 1965-ல் ஹட்செரிம் என்ற கிப்புட்ஸில் பிறந்தது. அதன் 80 சதவீதப் பங்கை 2017-ல் ஒரு மெக்சிகோ நிறுவனத்துக்குப் பேசி முடித்தார்கள். நல்ல விலைக்கு.

பழைய காங்கிரஸ்காரர், ஏரல்
*நேரு கூட்டுறவுப் பண்ணை கொண்டுவரப் பார்த்தார். கெடுத்தது யார்?*

உங்கள் பழைய தலைவர்தான். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் ‘கூட்டுறவுக் கூட்டு விவசாயமே எதிர்காலம்’ என்று தீர்மானம் போட்டது. அந்த வருஷமே, எண்பது வயதில், ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். காங்கிரசுக்குள்ளேயே இருந்து சரண்சிங் எதிர்த்தார். தீர்மானம் கோப்பிலேயே தூங்கிவிட்டது. பதிவான சங்கங்களிலும் பல, மச்சான் மாமன் பேரில் நிலத்தைக் காட்டி மானியம் வாங்கிய சங்கங்கள். ராஜாஜி அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை.

தோழர், மீளவிட்டான்
*சோவியத்திலும் சீனத்திலும் கூட்டுப் பண்ணைகள் வெற்றி பெற்றதை மறைக்கிறீர்களே?*

மறைக்கவில்லை தோழர், இடம் போதவில்லை. சீனத்தின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற ஊர். 1978 குளிர்காலத்தில் ஒரு இரவு பதினெட்டு விவசாயிகள் கூடி, கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாக ரகசியமாகப் பிரித்துக்கொண்டு கைரேகை வைத்தார்கள். பிடிபட்டு யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். விளைச்சல் கூடியது. கட்சி அதையே கொள்கையாக்கியது. அந்தத் தாள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது பிள்ளைகளைப் பற்றிய வரிதான். நிலத்தைப் பிரித்தவர்கள் வளர்ப்பைப் பொதுவாக்கினார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர், முத்தையாபுரம்
*இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஆண்களே பிரிக்கிறார்கள், ஆண்களே சேர்க்கிறார்கள். எங்களுக்கு நிலம் எப்போது?*

நாகப்பட்டினம் பக்கம் போய்க் கேளுங்கள் தாயீ. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு அங்கே போய்த் தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். இருவரும் வினோபாவின் ஆட்கள், கிராமதானத்துக்காகக் கால் தேய நடந்தவர்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? நிலத்தை ஊர்ப் பொதுவில் வைக்கவில்லை. மிராசுதாரிடம் விலை பேசி வாங்கி, தலித் குடும்பங்களுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் வீதம், பெண்கள் பேரில் பத்திரம் போட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். 2008-ல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது அவர்களைத் தேடி வந்தது.

கூட்டுடைமையை உயிராக நம்பியவர்கள் ஏன் தனிப் பத்திரத்துக்கு வந்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருபோதும் நிலம் இல்லாதவரிடம் போய் ‘பொதுவில் வை’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. முதலில் அவர் பேரில் ஒரு ஏக்கர் வரட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

மீனவ இளைஞர், திரேஸ்புரம்
*விவசாயிகள் பிரிந்துபோகலாம். எங்களுக்குக் கடல் பொதுதானே? முத்துக்குளிப்பில் பங்கு எப்படி?*

தம்பி, கடலை வரப்புப் போட்டுப் பிரிக்க முடியாததால்தான் உங்கள் பங்குக் கணக்கு இவ்வளவு சுத்தம். பிரிட்டிஷ் காலத்து முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்கினார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளிப்பவர்களுக்கு. அந்த ஒன்றிலிருந்துதான் படகுக்காரருக்கும், மேலே கயிறு பிடிப்பவருக்கும் போகும். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்குக்கூடச் சிப்பியில் உரிமை உண்டு! சுறா கடித்தால் அவரிடம் என்ன கேட்பது என்பது ஒப்பந்தத்தில் இல்லை. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு மூன்றில் ஒன்றிலும் ஒரு பகுதி, கரையில் குடைபிடித்து நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து குளித்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு முத்துப் பாரில் சிப்பி கூடவில்லை.

உப்பளத் தொழிலாளி, முள்ளக்காடு
*நாங்கள் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரு உப்பளம் எடுத்து நடத்த முடியாதா அண்ணாச்சி?*

பாத்தி மிதிக்கவும் உப்பு வாரவும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க முதலாளி தேவையில்லை. அது எல்லோருக்கும் தெரியும். உங்களைத் தோற்கடிப்பது பாத்தி அல்ல, அம்பாரம். கோடையில் எல்லா அளத்திலும் ஒரே சமயம் உப்பு விளையும், விலை விழும். ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, மழைக்காலம் வரை காத்திருக்கக் கையில் காசு உள்ளவருக்குத்தான் விலை. சங்கம் வைத்த தொழிலாளிக்கு வாரச் சம்பளம் வேண்டும். அன்றைக்கே வியாபாரியிடம் தள்ளிவிடுவார். மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளருக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது. நல்லது. அதே அரசு 1974-லிருந்து வாலிநோக்கத்தில் சொந்தமாக உப்புக் கழகம் நடத்துகிறது. உப்பை ஈடாக வைத்து, விலை வரும்வரை கடன் கொடுக்கும் ஒரு கிட்டங்கியை இங்கேயும் கட்டினால் உங்கள் பத்துப் பேரும் பிழைத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியது அதைத்தான்.

மளிகைக் கடைக்காரர், முத்தையாபுரம் பஜார்
*சேர்ந்து உழத் தெரியாத நமக்குச் சேர்ந்து வியாபாரம் செய்ய மட்டும் தெரிகிறதே, எப்படி?*

மகமை கட்டுகிறவரிடமிருந்தா இந்தக் கேள்வி! மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று உறவின்முறை பிடித்த காசில்தான் பேட்டையும் பள்ளிக்கூடமும் எழுந்தன. 1921-ல் இதே தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பேர் மாறியது. அதற்கும் முன்னால் 1906-ல் வ.உ.சி. இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு நாற்பதாயிரம் போட்டு, பத்து லட்சம் மூலதனத்தில் கப்பல் கம்பெனியே தொடங்கினார். காசுக்குச் சேறு இல்லை, தலைமடை கடைமடை இல்லை. யார் எவ்வளவு போட்டார் என்பது ஏட்டில் இருக்கும். வயலில் யார் குனிந்தார், யார் வரப்பில் நின்று வெற்றிலை போட்டார் என்பதை எந்த ஏட்டில் எழுதுவது?

கொழும்பில் பிறந்தவர், தூத்துக்குடி
*வவுனியாவில் காந்தியம் பண்ணைகள் இருந்தனவே. யாராவது நினைக்கிறார்களா?*

நினைக்க வேண்டும். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய இயக்கம் காந்தியம். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வன்னிக் காட்டோரத்தில் நிலமும் விதையும் பிள்ளைகளுக்குப் பாலும் கொடுத்துக் குடியேற்றினார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் ராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார். டாலர், கென்ட் பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் 1984-ல் துரத்தப்பட்டன. அங்கே சிங்களக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் கொண்டுவந்து வைத்தது அரசு. அந்த நவம்பர் 30-ல் புலிகள் அவர்களைக் கொன்றார்கள். உழவந்த இரு தரப்பும் ஏழைகள். இதில் நகைச்சுவை எதுவும் என்னிடம் இல்லை.

இளம் விவசாயி, காலாங்கரை
*கோரம்பள்ளம் குளம் யாருடையது?*

உடைந்தால் நீர்வளத் துறையுடையது, நிறைந்தால் நம்முடையது.

1870-களில் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணை தாமிரபரணியின் கடைசி அணை. அதன் வடகால் பல குளங்களை நிரப்பிவிட்டுக் கடைசியாக வந்து சேர்வது கோரம்பள்ளத்தில். நாம் கடைமடைக்கும் கடைமடை. தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டம் வந்ததிலிருந்து இந்தத் தண்ணீர்ச் சண்டைக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது குளம் உடைந்து, நம் வாழையும் வீடும் உப்பளமும் ஒன்றாக மூழ்கின. அன்றைக்குத் தண்ணீர் யார் பட்டா என்று பார்க்கவில்லை.

முன்பு குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கால் வெட்டிக் கரை கட்டுவது. வராதவனைக் கட்டாயப்படுத்த 1858-ல் சட்டமே போட்டார்கள். அப்போதே வராதவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. மடை திறக்க நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பார். சம்பளம் ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல். அதனால் அவர் எல்லோருக்கும் ஆள், யாருக்கும் ஆள் இல்லை. கூட்டு விவசாயம் பற்றி என்னிடம் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்றால் அது வயலில் இல்லை தம்பி, இந்த மடையில் இருக்கிறது. நிலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் துண்டு போடுங்கள். குளத்தைத் துண்டு போட முடியாது. ஆகவே பாசனச் சங்கத் தேர்தல் வந்தால் போட்டியிடுங்கள், கட்சித் தேர்தலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உழவர் குழு உறுப்பினர், குரும்பூர்
*அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம்?*

2017-ல் வந்தது. நூறு விவசாயிகள் சேர்ந்தால் ஐந்து லட்சம் ரூபாய், அதில் பொதுவாக இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல திட்டம். நிலத்தைக் கேட்கவில்லை, டிராக்டரை மட்டும் பொதுவாக்கியது. மீதி, சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

நான்கு நண்பர்கள், முத்தையாபுரம்
*வேலையை விட்டுவிட்டு நாங்கள் நால்வரும் கூட்டாக நிலம் வாங்கிப் பண்ணை போடப் போகிறோம். ஒரு யோசனை சொல்லுங்கள்.*

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். சேருவதைப் பற்றி எழுதும் முன்னால், ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு யார், என்ன விலை, எத்தனை தவணையில் கொடுப்பது என்று எழுதுங்கள். நிலத்துக்குப் பங்கு வேறு, உழைப்புக்குக் கூலி வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் உழைக்கிறவர் இரண்டாம் போகத்துக்குள் வெளியேறுவார். மாதம் ஒருமுறை கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். கூலிக்கு வரும் ஆட்களுக்கு நாலு வருஷம் கழித்து உங்களில் ஒருவராகச் சேர வழி உண்டா என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். பதிவு செய்வதானால் உற்பத்தியாளர் நிறுவனம் வசதி. தனிநபர்களாகச் சேர்ந்து தொடங்க, சட்டப்படி குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும். நீங்கள் நாலு பேர். முதலில் இன்னும் ஆறு பேரைப் பிடியுங்கள்.